மூன்றாம் அங்கத்து மௌனம்

பாரிஸ், 9 நவம்பர் 1932

எர்மின்,

"அன்புள்ள" போடவில்லை. கவனித்திருப்பாய். ஒரு சொல் விட்டுப்போனாலும் கண்டுபிடிப்பதுதானே உன் பிழைப்பு.

இருபத்திரண்டு வருடம் என் காலடியில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுத்தவள் நீ. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி முடிந்ததும் மேடை விளிம்பில் இருக்கும் உன் குழியிலிருந்து ஏறினாய், தொப்பியை மாட்டினாய், டியெப்புக்கு ரயிலேறிவிட்டாய். அண்ணன் வீட்டில் இருக்கிறாயாம். எனக்கு உடை மாட்டிவிடும் ரோசின் சொல்லித்தான் தெரியும். "எர்மின் அக்கா அழுதுகிட்டே போனாங்க மேடம்" என்றாள். அழ வேண்டியவள் நானா, நீயா?

ஒப்பனை அறையில் எல்லார் முன்னாலும் கத்தினேன்தான். "நான் மூழ்கிட்டிருந்தேன், நீ கரையில நின்னு வேடிக்கை பார்த்தியாடி?" என்று கேட்டேன். இப்போதும் அதையேதான் கேட்கிறேன். மூன்றாம் அங்கம். நாடகத்தில் என் புருஷன் கதவருகில் நின்று "நீ போறியா, இருக்கியா?" என்கிறான். நான் இருபது எண்ணும் நேரம் வாய் திறக்காமல் நின்றுவிட்டு, "சூப் ஆறிப்போயிடும்" என்று சொல்ல வேண்டும். ஐந்நூறு தடவைக்கு மேல் சொன்ன வரி. அன்றைக்கு வரவில்லை. களைப்பு, யாருக்கும் வரும். நீ ஒரு முழ தூரத்தில் இருந்தாய், பிரதி மடியில் இருந்தது. இருபது போயிற்று, முப்பது போயிற்று. நாற்பதில்தான் உன் வாய் திறந்தது.

பத்திரிகைக்காரர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "லியோனி வார்செல்லின் மௌனம் இதுவரை தொடாத ஆழத்தைத் தொட்டது" என்று. வெட்டி அடுப்பில் போட்டேன்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று நீ மனசுக்குள் சொல்லிக்கொள்வாய். சொல்லிக்கொள். நம் மேடை கோணல்தான். நாற்பது வருடம் அந்தச் சரிவில் நின்று என் முழங்கால் போனதுதான் மிச்சம்.

நாடகப் பிரதியை உடனே அனுப்பு. இனி என் முகத்தில் விழிக்காதே.

லியோனி வார்செல்


டியெப், 13 நவம்பர் 1932

மதிப்பிற்குரிய மேடம்,

உங்கள் முகத்தில் நான் எப்போது விழித்தேன்? குழிக்குள்ளிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் செருப்பும் பாவாடை விளிம்பும்தான். மேடைத் தூசியை இருபத்திரண்டு வருடம் தின்றிருக்கிறேன். நீங்கள் கோபமாகப் பேசும் காட்சிகளில் எச்சில் மழையும் உண்டு. இங்கே வந்த பிறகு என் இருமல் பாதியாகிவிட்டது என்று அண்ணி சொல்கிறாள்.

பிரதியை அனுப்ப மாட்டேன். அதில் நாடகாசிரியர் எழுதியது பாதி. ஓரங்களில் நான் எழுதியது மீதி. எங்கே மூச்சு வாங்குவீர்கள், எந்த வரியில் இருமல் வரும், எந்த நாளில் எந்தச் சொல்லை விழுங்கினீர்கள், எல்லாம் என் கையெழுத்து. அது என் சொத்து.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சட்டம் போட்டது யார் மேடம்? வலது செருப்பின் முனையால் பலகையில் ஒரு தட்டு. தட்டினால் கொடு, தட்டாவிட்டால் உயிரே போனாலும் வாயைத் திறக்காதே. நான் சேர்ந்த முதல் மாதம், இதே மூன்றாம் அங்கத்தில், பயந்துபோய்ப் பன்னிரண்டாவது எண்ணில் வரியைக் கொடுத்துவிட்டேன். திரை விழுந்ததும் நீங்கள் எறிந்த தலைவாரும் பிரஷ் பட்ட தழும்பு இன்னும் என் புருவத்தில் இருக்கிறது. "என் மௌனத்துல கை வச்சே, கொன்னுடுவேன்!" என்றீர்கள். பாரிஸில் பாதிப் பேர் அந்த மௌனத்தைப் பார்க்கத்தான் வந்தார்கள். வசனம் எடுத்துக் கொடுப்பவள் செய்யக்கூடிய பெரிய பாவம், நடிகை வேண்டுமென்றே விட்ட இடைவெளியை நிரப்புவது. அதை எனக்குப் புரியவைத்தவர் நீங்கள்தான்.

அதனால் எண்ணினேன். இருபது ஆனது. இன்று நீட்டுகிறார் என்று நினைத்தேன். இருபத்தைந்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது. முப்பதில் உங்கள் செருப்பைப் பார்த்தேன். இரண்டு கால்களும் வழி தெரியாத கால்கள் மாதிரி சும்மா நின்றன. நீங்கள் வசனத்தை மட்டும் மறக்கவில்லை, மேடம். தட்ட வேண்டும் என்பதையும் மறந்திருந்தீர்கள்.

நீங்கள் திட்டியதற்காக நான் கிளம்பவில்லை. திட்டு எனக்கு என்ன புதிதா? பயத்தில் கிளம்பினேன். இனி எது உங்கள் மௌனம், எது மறதி என்று எனக்குத் தெரியாது. தெரியாதவள் அந்தக் குழியில் உட்காரக் கூடாது.

இது களைப்பு இல்லை. கோடை முதல் நீங்கள் தடுமாறும்போதெல்லாம் பிரதியின் ஓரத்தில் புள்ளி வைத்துக்கொண்டு வருகிறேன். நிறைய புள்ளிகள். தயவு செய்து ஒரு மருத்துவரைப் பாருங்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

எர்மின் லபோர்த்


பாரிஸ், 18 டிசம்பர் 1932

எர்மின்,

புள்ளி வைத்தாளாம்! மளிகைக்கடைக் கிழவி கணக்கு வைப்பது மாதிரி. உன் புள்ளிகளை நீயே வறுத்துத் தின்னு.

மருத்துவரைப் பார்த்தேன், உன் வாயை அடைக்கத்தான். இன்று என்ன தேதி என்றார், குடியரசுத் தலைவர் யார் என்றார். "டாக்டர், நான் ஓட்டே போட முடியாத பொம்பள, அந்த ஆள் பேரு எனக்கு எதுக்கு?" என்றேன். சிரித்தார். தேதியும் சொல்லவில்லை என்பதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. ஓய்வு எடுக்கச் சொன்னார். பத்தாயிரம் மூளைக்கும் அந்த ஒரே மருந்துதான் போலிருக்கிறது.

உன் இடத்தில் ஒருவனைப் போட்டார்கள். நான் மூச்சு வாங்கினால் வரி கொடுக்கிறான், கைக்குட்டை எடுத்தால் வரி கொடுக்கிறான். முதல் வரிசையில் ஒருத்தி சத்தமாகவே கேட்டாள்: "இதுல யாரு நடிகை, கீழ இருக்கிறவனா மேல இருக்கிறவளா?" மொத்த அரங்கும் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

நேற்று ஒப்பனை அறைக்கு ஒரு கூடை வந்தது. மூடியைத் திறந்த ரோசின் பின்னாலேயே நகர்ந்தாள். கார்னேஷன், எர்மின். எனக்குக் கார்னேஷன்! முப்பத்தொரு வருடம் சீசன் முடிவில் ரோஜா வாங்கிய கை இது. அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாத நிர்வாகி, பூவிடம் சொல்லியனுப்பிவிட்டான். அமியெனில் சலவைக்காரி மகளாகப் பிறந்து, பதினேழு வயதில் ஊர் ஊராகப் போகும் கம்பெனியில் சேர்ந்தவள் நான். மாட்டுத் தொழுவத்தில் உடை மாற்றியிருக்கிறேன். அப்போதெல்லாம் அழவில்லை. அந்தக் கூடை முன்னால் உட்கார்ந்து, மூக்கில் வழிய வழிய அழுதேன்.

ஒரே ஒரு கதவு திறந்திருக்கிறது. நம் நாடகத்தைப் பேசும் படமாக எடுக்கிறார்கள், ழுவான்வில் படப்பிடிப்புக் கூடத்தில். ஊமைப் படம் மூன்றில் நடித்திருக்கிறேன், மூன்றிலும் விஷம் குடித்துச் செத்தேன். இது அப்படி இல்லையாம். இரண்டு வரி பேசினால் நிறுத்திவிடுவார்களாம். மறுபடி இரண்டு வரி. இரண்டு வரியை யாரால் நினைவில் வைக்க முடியாது? பிப்ரவரியில் தொடக்கம்.

காமெராவுக்குக் கீழே ஒருவர் உட்கார இடம் இருக்குமாம். விசாரித்து வைத்தேன். சும்மாதான் விசாரித்தேன்.

லியோனி


டியெப், 27 டிசம்பர் 1932

மதிப்பிற்குரிய மேடம்,

கார்னேஷன் விஷயத்தை மூன்று தடவை படித்தேன். அந்த நிர்வாகியின் பெயரைச் சொல்லி அடுப்படியில் நான் விட்ட வசவில் அண்ணி பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டாள்.

படத்துக்குப் போங்கள். ஆனால் நான் கீழே உட்கார்ந்து பயனில்லை. இங்கே சினிமாக் கொட்டகையில் கருவி ஓட்டுகிறவரைக் கேட்டேன். "அந்த மைக்குக்கு எலி ஓடுறதுகூடக் கேக்கும்மா. நீங்க குசுகுசுன்னா அதுவும் படத்துல வந்துடும்" என்றார். என் தொழில் முழுக்க ஒரு குசுகுசுப்புதான். அதற்கு அந்த இடத்தில் வேலை இல்லை.

அதனால் ஒன்று செய்தேன். உங்கள் பகுதி முழுவதையும் பெரிய எழுத்தில் அட்டைகளில் எழுதி இந்தக் கடிதத்தோடு கட்டாக அனுப்பியிருக்கிறேன். எண்பத்தாறு அட்டை. விளக்குக் கம்பத்திலும் நாற்காலி முதுகிலும் குத்தி வைக்க ரோசினிடம் சொல்லுங்கள். உட்கார்ந்து படிக்காதீர்கள், நடந்துகொண்டே படியுங்கள். உங்களுக்கு வரி எப்போதும் காலில்தான் ஏறும்.

ஒரு விஷயம். சொல்லாவிட்டால் தொண்டையில் நிற்கும். முந்நூறாவது காட்சி விருந்தில் எல்லாரையும் பெயர் சொல்லி நன்றி சொன்னீர்கள். விளக்குக்காரர், தச்சர், சீட்டுக் கிழிப்பவர் வரை. நான் மேஜைக் கடைசியில் இருந்தேன். "இன்னும் யாரையோ விட்டுட்டேனே" என்று நீங்கள் சிரித்தீர்கள், எல்லாரும் சிரித்தார்கள், கிண்ணம் தூக்கினார்கள். அன்றைக்கு நீங்கள் வேண்டுமென்றே விட்டீர்கள் என்று பன்னிரண்டு வருடம் கோபத்தில் இருந்தேன். இப்போது வேண்டுமென்றே விட்டிருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

காமெராவுக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று விசாரித்தீர்களே, அதை நான் விளங்கிக்கொள்ளாமல் இல்லை. ஆனால் ஊகித்து ஊகித்துத்தான் ஞாயிற்றுக்கிழமை அப்படி ஆயிற்று. இனி ஊகிக்க மாட்டேன். வா என்று ஒரு சொல் எழுதுங்கள். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் நீங்கள் எதையும் கேட்டதில்லை, கட்டளைதான் போட்டீர்கள். ஒரே ஒரு தடவை கேளுங்கள். தொழிலுக்கு இல்லாவிட்டாலும், உங்கள் வீட்டில் நான் இருப்பேன். காலை ஏழரை ரயில் எனக்குப் பாடம்.

எர்மின்


பாரிஸ், 24 பிப்ரவரி 1933

எர்மின்,

படம் முடிந்தது. என் பகுதி முடிந்தது.

உன் அட்டைகளை ரோசின் எல்லா இடத்திலும் குத்தினாள். முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் நாள் இயக்குநர், நல்ல பையன், முப்பது வயதுகூட இராது, என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மேடம், கோவிச்சுக்காதீங்க. உங்க கண்ணு படிக்கிறது தெரியுது" என்றான். மேடையில் இருபதடி தூரம். இங்கே காமெரா என் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. கண்மணி இடமிருந்து வலம் போவதும் திரும்பி வருவதும் எல்லாம் தெரிகிறதாம்.

அட்டைகளை எடுத்துவிட்டு இரண்டு வரி பேசச் சொன்னார்கள். இரண்டே வரி. பதினான்கு தடவை எடுத்தார்கள். சுற்றி நாற்பது பேர் இருந்தார்கள், ஒருவரும் இருமவில்லை. மரியாதையாக இருந்தார்கள், எர்மின். அந்த மரியாதைக்கு நான் உன்மேல் எறிந்த பிரஷ்ஷே தேவலை.

அப்புறம் அந்தப் பையனுக்கு யோசனை வந்தது. வரிகளை வெட்டத் தொடங்கினான். இது வேண்டாம், பார்வையே போதும். அதுவும் வேண்டாம், கை போதும். என் பகுதி நாளுக்கு நாள் இளைத்தது. மூன்றாம் அங்கம் வந்தபோது, "மேடம், நீங்க பேசவே வேணாம். அந்த மௌனம் மட்டும் குடுங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டோம்" என்றான். "சூப் ஆறிப்போயிடும்" இல்லையாம். புருஷன் கேட்கிறான், நான் நிற்கிறேன், அப்படியே படம் முடிகிறதாம்.

நின்றேன்.

நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மௌனத்தில் நான் என்ன செய்வேன் என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். செத்துப்போன அம்மாவை நினைப்பேன் என்று பத்திரிகைக்குப் புளுகினேன். நிஜத்தில் ஒன்றுமே இல்லை. சூப் என்ற சொல்லைப் பல்லுக்குப் பின்னால் பிடித்து வைத்திருப்பேன். வெளியே வரத் துடிக்கும், விட மாட்டேன். இருபது எண்ணும் வரை அந்தச் சண்டைதான். அதைத்தான் சனங்கள் பார்த்தார்கள். என் வித்தை மொத்தமும் அவ்வளவுதான்.

இப்போது பல்லுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பிடித்து வைக்க எதுவும் இல்லாமல் சும்மா நின்றேன், பேருந்துக்கு நிற்பது போல. காமெரா ஓடியது. "கட்" என்றான். எல்லாரும் அழுதார்கள். விளக்குக்காரன்கூட அழுதான். அந்தப் பையன் மண்டியிட்டு என் கையை முத்தமிட்டான். எர்மின், அவர்களில் ஒருத்தருக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை. நாற்பது வருடம் நான் வேலை செய்தது யாருக்காக?

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டேன், அழிக்க மாட்டேன்.

உன் அட்டைகளை ரோசின் எல்லா இடத்திலும் குத்தினாள். நல்ல எழுத்து உனக்கு.

இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே உனக்கு ஒரு விஷயம் சொல்லத்தான். நீ கேட்டிருந்தாய். காலையிலிருந்து அது வாயில் இருந்தது. சிறிய விஷயம்தான். வரும், வந்ததும் எழுதுகிறேன்.

லியோனி


டியெப், 8 அக்டோபர் 1933

மேடம்,

ஏழு மாதமாக நான் எழுதவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பிறகு நீங்கள் எதை வேண்டுமானாலும் எடுத்து எறியுங்கள்.

உங்கள் கடைசிக் கடிதத்தில், சொல்ல வந்த விஷயம் வந்ததும் எழுதுகிறேன் என்றிருந்தீர்கள். படித்ததும் எனக்கு ஆத்திரம். கிழவிக்கு வா என்று ஒரு சொல் எழுத வாய் வரவில்லை, என்னைக் கெஞ்ச விட்டு வேடிக்கை பார்க்கிறாள், இந்த இடைவெளியும் நடிப்புதான் என்று நினைத்தேன். சரி, நீங்களே எழுதுங்கள், காத்திருக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மார்ச் போயிற்று. ஏப்ரல் போயிற்று. அண்ணி, "ஒரு கடுதாசி போட்டா உன் கிரீடம் இறங்கிடுமாடி?" என்று கேட்டாள். அவளோடும் சண்டை போட்டேன்.

நேற்று மதியம் நம் படம் இங்கே வந்தது. அண்ணியோடு போனேன். நீங்கள் நடிக்கும்போது முதல் தடவையாக உங்கள் முகத்தைப் பார்த்தேன் மேடம். உண்மையாகத்தான் சொல்கிறேன். மூன்று ஆள் உயரத்துக்கு இருந்தது. நீங்கள் இவ்வளவு அழகு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் அங்கம் வந்தது. அவன் "நீ போறியா, இருக்கியா?" என்று கேட்டான். பழக்க தோஷம், நான் எண்ணத் தொடங்கினேன். சுற்றிலும் மூக்கை உறிஞ்சும் சத்தம். எனக்குப் பக்கத்தில் மீன் ஏலக்காரரின் மனைவி விம்மி விம்மி அழுதாள். திரையில் நீங்கள் எதையும் பிடித்து வைத்திருக்கவில்லை. அந்தக் கண்களில் யாரும் இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்களின் ஜன்னல் மாதிரி இருந்தது.

என்னால் முடியவில்லை. "சூப் ஆறிப்போயிடும்" என்றேன். குசுகுசுப்பாக இல்லை, வாய்விட்டே சொன்னேன். "சூப்! சூப் ஆறிப்போயிடும் மேடம்!" என்று எழுந்து நின்று கத்தினேனாம். ஏலக்காரரின் மனைவி, "உக்காரும்மா, உனக்குப் பைத்தியமா? நடிக்க விடு அவங்கள!" என்று என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். நீங்கள் சொல்லவே இல்லை. விளக்குப் போட்டார்கள்.

நான் மறுபடி அதே தப்பைச் செய்திருக்கிறேன். அன்றைக்கு நாற்பது எண்ணினேன், இந்தத் தடவை ஏழு மாதம். நீங்கள் சொல்லாததை எல்லாம் நீங்கள் பிடித்து வைத்திருப்பதாகவே நினைக்க நான் பழகிவிட்டேன். உங்களை நான் அவ்வளவு பெரிதாக நினைத்தேன், மேடம். அதுதான் என் குற்றம்.

இனி நீங்கள் அழைக்க வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம். என்னை வைத்துக்கொள்ளுங்கள். சமைப்பேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், எந்தச் சொல் வேண்டுமோ எடுத்துக் கொடுப்பேன். கடையில் என்ன வாங்க வந்தீர்கள், ரோசின் பெயர் என்ன, இன்று என்ன கிழமை, எதுவானாலும் நீங்கள் கேட்பதற்கு முன்பே கொடுப்பேன். அடுத்த திங்கட்கிழமை காலை ரயிலில் வரலாமா? ஒரு வரி போதும்.

உங்கள் எர்மின் லபோர்த்


பாரிஸ், 12 அக்டோபர் 1933

மதிப்பிற்குரிய லபோர்த் அம்மையாருக்கு,

தங்கள் அன்பான கடிதம் கிடைத்தது. நீண்ட கடிதம். ரோசின் என்ற பெண் எனக்கு அதை வாசித்துக் காட்டினாள். பாதியில் ஏனோ எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். இளகிய மனசு.

என் படத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. ரசிகர்கள் தரும் ஊக்கம்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு.

வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை கேட்டிருக்கிறீர்கள். தங்களுக்கு அந்த வேலை தெரியும் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் என்னால் தங்களை எடுத்துக்கொள்ள இயலாது. என்னிடம் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள். நெடுநாளாக இருக்கிறாள். சற்றே வாய்த்துடுக்கு உண்டு, ஆனால் அவளைப் போல் இன்னொருத்தி பாரிஸிலேயே கிடையாது. இதை நான் அவளிடம் சொன்னதில்லை, தாங்களும் சொல்லிவிடாதீர்கள், தலைக்கேறிவிடும். ஏதோ வேலையாக வெளியே போயிருக்கிறாள். அவள் திரும்பி வரும்போது தன் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மனம் உடைந்துபோவாள். அந்தத் துரோகத்தை மட்டும் என்னால் அவளுக்குச் செய்ய முடியாது.

ஆகவே திங்கட்கிழமை தாங்கள் வர வேண்டாம். வீண் அலைச்சல். டியெப்பிலும் நாடகக் கொட்டகை இருப்பதாகக் கேள்வி. அங்கே முயன்று பாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
லியோனி வார்செல்